தாத்தாவின் வாட்டர் கலர் பெட்டி: தகரம் இருக்கட்டும், பச்சையைத் தொடாதீர்கள்

கேள்வி இது: வேலூர் சத்துவாச்சாரியில் பழைய வீட்டைக் காலி செய்தபோது, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த தாத்தாவின் வாட்டர் கலர் பெட்டி கிடைத்திருக்கிறது. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, 12 நிறங்கள். எல்லாம் வெடித்துக் காய்ந்து கிடக்கின்றன, மூலையில் துரு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா, புதிதாக வாங்கித் தருவதா?

பெட்டியைக் கொடுங்கள். நிறங்களை அப்படியே கொடுக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டில் சில இன்னும் நன்றாக இருக்கும், சில வெயிலில் வெளிறிப் போகும் ரகம், ஒன்றிரண்டு விஷமாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்த பிறகுதான் மகள் கைக்குப் போக வேண்டும்.

முதலில் பெட்டி. கடையில் இன்று கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் இல்லாத நாலைந்து விஷயங்கள் இந்தத் தகரத்தில் உண்டு. அடியில் ஒரு வளையம் இருக்கும். இடது கட்டைவிரலை அதில் நுழைத்தால் பெட்டி உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும், கோட்டை அகழிக்கரையில் நின்றுகொண்டே வரையலாம். மூடியும் மடக்குத் தட்டும் விரிந்தால் கலக்குகிற இடம் நிறங்கள் இருக்கிற இடத்தைப்போல் இரண்டு மடங்கு. மூடியில் இருக்கும் மூன்று நான்கு குழிகளில் வானத்துக்கு வேண்டிய வாஷை, அதாவது தண்ணீராகக் கரைத்துப் பரப்பும் நிறத்தை, மொத்தமாகக் கலந்து வைக்கலாம். இதைவிடப் பெரிய லாபம், பல வருடம் தேய்ந்த அந்த வெள்ளை எனாமல். புதுத் தட்டில் நிறத்தைக் கரைத்தால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக ஒதுங்கும், எவ்வளவு அடர்த்தி என்றே கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த எனாமலில் சமமாகப் பரவி நிற்கும். அதனால் அந்த உட்பரப்பைப் 'புதுசாக்குகிறேன்' என்று யாரிடமும் பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்தக் காலத்துப் பெட்டி என்று ஓரளவு ஊகிக்கலாம். தண்ணீரில் கரையும் வண்ணக் கேக்கை லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் 1780 வாக்கில் கொண்டுவந்தார், 1781இல் அதற்கு ஒரு வெள்ளிப் பரிசும் கிடைத்தது. அவை சோப்புக்கட்டி மாதிரி முத்திரை குத்திய கெட்டிக் கேக்குகள், பெரும்பாலும் மரப்பெட்டியில் வரும். பிரஷ்ஷால் தொட்டால் நிறம் வராது. ஈரத் தட்டில் சந்தனம் இழைப்பதுபோல இழைக்க வேண்டும். 1832இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் 1835இல் கிளிசரின் சேர்த்த ஈர வண்ணத்தைக் குட்டிப் பீங்கான் தொட்டிகளில் விற்றது. அதைத்தான் 'பான்' என்கிறோம். தொட்டவுடன் நிறம் ஏறும் என்பதால் கெட்டிக் கேக்கின் மவுசு குறைந்தது, மடக்குத் தகரப்பெட்டி எல்லா இடத்துக்கும் பரவியது. கோட்டையில் தங்கிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் படம் வரைவது பயிற்சியின் ஒரு பகுதி, இங்கிலாந்தில் அடிஸ்கம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் அது பாடமாகவே இருந்தது. பிறகு லோயர், ஹையர் டிராயிங் பரீட்சை எழுதிய நம்மூர் மாஸ்டர்கள் கைக்கும் இந்த மாதிரிப் பெட்டிகள் வந்தன. உங்கள் பெட்டியில் பான்கள் பீங்கானாக இருந்தால் கொஞ்சம் பழையது. பிளாஸ்டிக் பான் இருந்தால் ஒருமுறையாவது மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி எச்சரிக்கை. எதையும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், ஊதித் தூசி தட்டாதீர்கள். கையுறை, முகக்கவசம், கீழே நனைத்த செய்தித்தாள், இவை மூன்றும் வேண்டும். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மகளுக்கு இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

பெட்டியில் பச்சைகளைத்தான் முதலில் பாருங்கள். பழைய எமரால்டு கிரீன் என்பது செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த உப்பு. 1814இல் ஜெர்மனியில் வணிகத்துக்கு வந்தது, 20ஆம் நூற்றாண்டிலும் ஓவியர்களுக்கு விற்றார்கள். மழைக்காலத்தில் இதன்மேல் பூஞ்சை பிடித்தால் ஆர்செனிக் கலந்த வாயுவையே வெளியிடும். அதை விரிடியனோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு, விரிடியன் ஆர்செனிக் இல்லாத குரோமியம் பச்சை. வித்தியாசம் இது: விரிடியன் பானில் கண்ணாடி பாட்டில் பச்சையாக, கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும், காகிதத்தில் ஊடுருவித் தெரியும், காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். எமரால்டு பானிலேயே வெளிர்ந்து, பால் கலந்த நீலப்பச்சையாகப் பளிச்சென்று இருக்கும், காகிதத்தை மறைக்கும். சந்தேகம் வந்தால் எமரால்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பானோடு எடுத்து ஜிப் கவரில் போட்டு, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலுக்குள் வைத்து, 'ஆர்செனிக்' என்று எழுதி ஒட்டுங்கள். சாக்கடையில் கரைத்து விடக்கூடாது. மாநகராட்சி ஆட்களிடம் வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்று கடையில் எமரால்டு என்ற பெயரில் விற்கும் ட்யூபுகளில் ஆர்செனிக் கிடையாது, அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மஞ்சள்களில் கிங்ஸ் யெல்லோ என்ற பெயர் இருந்தால் அதுவும் ஆர்செனிக், நம் நாட்டு மருந்தில் அரிதாரம் என்பார்களே, அதே பொருள். குரோம் யெல்லோவும் பழைய நேப்பிள்ஸ் யெல்லோவும் ஈயம். வெர்மிலியன் பாதரசம், வெயிலில் கறுக்கும் குணமும் உண்டு. ஃபிளேக் ஒயிட் ஈய வெள்ளை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். தோலில் முடி நீக்க சல்பைடு போடும் தொழிற்சாலைகளிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுதான், ஈய வெள்ளையைக் கறுப்பாக்குவதும் அதே வாயுதான். 1834இல் வந்த சைனீஸ் ஒயிட் துத்தநாகம் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. சைனீஸ் ஒயிட் தவிர, மேலே சொன்ன எல்லாவற்றையும் எடுத்து ஓரம் வையுங்கள். பெரியவர்களே கவனமாகத்தான் தொட வேண்டும், பள்ளிப் பிள்ளைக்கு வேண்டாம். இந்தியன் யெல்லோ என்று எழுதியிருந்தால் 'மாட்டுச் சிறுநீரில் செய்ததாமே' என்று யாராவது சொல்வார்கள். அந்த அசல் சரக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சந்தையை விட்டுப் போய்விட்டது, தாத்தா காலத்தில் விற்றது அதே பெயரில் வந்த மாற்று.

வெளிச்சத்தில் நிலைக்காத கூட்டம் ஒன்று உண்டு: கார்மைன், கிரிம்ஸன் லேக், பழைய காம்போஜ், வான்டைக் பிரவுன். இதில் காம்போஜ் வாயில் போனால் கடும் பேதியாகும், அதையும் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். 1888இல் ரஸல், ஆப்னி என்ற இருவர் இங்கிலாந்து அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே கார்மைனும் கிரிம்ஸன் லேக்கும் வெளிச்சத்தில் முதலில் பறிபோகிறவை என்று வந்துவிட்டது. நீங்களே சோதிக்கலாம். தடித்த காகிதத்தில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பட்டையாகத் தீட்டுங்கள், பாதியை அலுமினியத் தாளால் மூடுங்கள், நேர் வெயில் விழும் கிழக்கு அல்லது மேற்கு ஜன்னலில் ஆறு வாரம் ஒட்டி வையுங்கள். வேலூர் ஏப்ரல், மே வெயிலுக்கு அதற்குமேல் நேரம் தேவைப்படாது. மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் கோடு விழுந்தால் அந்த நிறம் பயிற்சிக்கு மட்டும்.

மிச்சம் இருப்பவை மண் நிறங்கள்: யெல்லோ ஆக்கர், லைட் ரெட், இந்தியன் ரெட், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா. கூடவே பிரெஞ்சு அல்ட்ராமரைன், கோபால்ட். இவை நூறு வருடம் ஆனாலும் நிறம் மாறாதவை. கெட்டுப்போவது நிறமல்ல, அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்தான். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அதையும் வாயில் வைக்கக்கூடாது.

பான்களைக் கழற்றுவது பொறுமை வேலை. வழிந்த நிறமே பசையாகி அவற்றைத் தகரத்தோடு ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பீங்கான் பானின் உதடு உடையும், பானைப் பிடித்திருக்கும் மெல்லிய தகர நாக்குகள் ஒடியும். அந்த நாக்கை இரண்டு மூன்று முறைக்குமேல் வளைத்தாலே முறிந்துவிடும். இங்க் ஃபில்லரால் பானின் நாலு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஐஸ் குச்சியை ஓரத்தில் கொடுத்து மெல்ல அசைத்தால் வந்துவிடும். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பானின் அடியில் நிறத்தின் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஈரம் படாமல் பாருங்கள்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் நடக்கும் தப்பு ஒன்று இருக்கிறது: பழைய பாத்திரம் என்றதும் புளியும் சாம்பலும் எடுத்து வந்துவிடுவோம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. இந்தக் கறுப்பு ஜப்பானிங் என்ற சூளையில் சுட்ட வார்னிஷ், அதன் அடியில் இருப்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. புளி வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி இரும்பை அரிக்கும், ஒரு மாதத்தில் வார்னிஷ் செதில் செதிலாக உரியும். தின்னர், பெட்ரோல், கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். வெளியே ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தேய்த்தால் கறுப்பு மீண்டு வரும். உள்ளே சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து விரலால் வட்டமாகத் தேயுங்கள். பச்சை, நீலக் கறை கொஞ்சம் தங்கும், தங்கட்டும்.

துரு வெளி மூலையில் மட்டும் என்றால் 400 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து விடலாம். கலக்கும் பரப்பில் துரு இருந்தால் விடக்கூடாது. வானத்துக்குக் கலக்கிய மெல்லிய நீலத்தில் அந்தத் துரு இறங்கி அழுக்கு மஞ்சளாக்கிவிடும். புள்ளியை மட்டும் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெள்ளை எனாமலை மெல்லியதாக இரண்டு கோட் வைக்கவும். முதல் கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி, பிறகு ஒரு வாரம் தொடாமல் இறுகவிட வேண்டும். அந்தப் புது இடத்தில் தண்ணீர் முத்தாக நின்றால் பல்பொடியோ டூத்பேஸ்ட்டோ வைத்துப் பளபளப்பைக் குறைத்தால் போதும்.

கீல் ஆடினால் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள், சூட்டில் வார்னிஷ் கருகிவிடும். சுருட்டிய தகரத்துக்குள் ஒரு கம்பிதான் ஓடும். மூக்கு இடுக்கியால் பழையதை உருவி, அதே கனத்தில் பித்தளைக் கம்பி செருகி இரண்டு முனையிலும் லேசாக வளைத்துவிட்டால் வேலை முடிந்தது. இரும்புக் கம்பி போட்டால் அடுத்த ஐப்பசி மழையில் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும்.

நல்ல நிறங்களை மீட்பது எப்படி? வெடித்திருந்தாலும் தொட்டால் நிறம் வருகிறது என்றால், பத்துச் சொட்டுத் தண்ணீருக்கு ஒரு சொட்டு கிளிசரின் கலந்து பானுக்கு நான்கைந்து சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மண்ணாக உதிர்ந்துவிட்டது என்றால் பிசின் வேண்டும். லாங் பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கிடைக்கும், வெளிர் நிறமாகப் பொறுக்கி வாங்குங்கள், கருஞ்சிவப்பாக இருந்தால் நீலத்தை மங்க வைக்கும். பொடித்து 10 கிராமுக்கு 20 மில்லி சூடான தண்ணீர், ஒரு ராத்திரி, காலையில் வேட்டித் துணியில் வடிகட்டி 4 மில்லி கிளிசரின், ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய். கிராம்பு எண்ணெய் பூஞ்சைக்காக. உதிர்ந்த நிறத்தில் இதை ஐந்தாறு சொட்டு விட்டு ஊறவைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்திப் படியவைக்கவும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் இந்தப் பிசின் தண்ணீர் இரண்டு மூன்று வாரத்தில் புளித்துவிடும், கொஞ்சமாகவே செய்யுங்கள்.

கிளிசரினைக் கூட்டிப் போடுவதுதான் பலர் செய்யும் பிழை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். அக்னி நட்சத்திரத்தில் கச்சிதமாக இருக்கும் பான், நவம்பரில் வெல்லப்பாகு மாதிரி இளகி, மூடியைத் திறந்தால் பக்கத்து நிறத்தோடு கலந்து கிடக்கும். வேலூரில் இரண்டு பருவத்துக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். மே மாதம் கொஞ்சம் வெடித்தால் வெடிக்கட்டும் என்று குறைவாகப் போடுவதே நல்லது.

எடுத்துவிட்ட நிறங்களுக்குப் பதில் ட்யூபிலிருந்து நிரப்புங்கள். ஹாஃப் பான் ஏறக்குறைய 19க்கு 16 மில்லிமீட்டர், ஃபுல் பான் 30க்கு 19. பழைய பெட்டிகளில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் பான் வாங்குங்கள். பழைய பீங்கான் பானே உடையாமல் இருந்தால் கழுவி அதையே பயன்படுத்தலாம், விஷ நிறம் இருந்த பான் மட்டும் வேண்டாம். 5 மில்லி ட்யூப் ஒன்று இரண்டு ஹாஃப் பானுக்கு வரும். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, காயும்போது நடுவில் பிளந்து சுவரை விட்டுப் பிரிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு வைத்து, ஊசியால் மூலைகளுக்குத் தள்ளி, காற்றுக் குமிழியை எடுத்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைக்கக்கூடாது. கோடையில் ஒரு நாளில் காயும், மழைக்காலத்தில் நாலு நாள்கூட ஆகும். இப்படி மூன்று தடவை. தேன் சேர்த்த வெளிநாட்டு ட்யூபுகளில் சில பானில் சரியாகக் கெட்டிப்படாது, பெட்டியைச் சாய்த்தால் ஓடும், அவை இதற்கு வேண்டாம். ட்யூபின் முதுகில் ஒரே ஒரு பிக்மென்ட் எண் (நிறப்பொடியைக் குறிக்கும் எண்) இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் கலவை சேறாகாது.

என்ன பன்னிரண்டு? நம்மூரை வரையப் போகிறவருக்கு என்றால்: லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், ரா சியன்னா, லைட் ரெட், காட்மியம் என்று பெயர் போடாத ஒரு ஆரஞ்சுச் சிவப்பு, குயினாக்ரிடோன் ரோஸ், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன், தாலோ புளூ, தாலோ கிரீன், பன்னிரண்டாவதாக அவர் விரும்பும் ஏதோ ஒன்று. கறுப்பு வேண்டாம். கோட்டைச் சுவரின் கருங்கல்லைக் கறுப்பில் வெள்ளை கலந்து வரைந்தால் சிமென்ட் பூசியதுபோல் செத்துக் கிடக்கும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் தனித்தனியாகத் தாராளமாகக் கரைத்து, மூடியின் குழியில் ஒன்றுக்குள் ஒன்று விட்டு, பாதி கலந்த நிலையிலேயே சொரசொரப்பான காகிதத்தில் ஒரே இழுப்பில் போடுங்கள், போட்ட பிறகு கிளறாதீர்கள். நீலத் துகள்கள் ஒன்றோடொன்று கூட்டுச் சேர்ந்து காகிதக் குழிகளில் போய் உட்காரும். சியன்னா அதற்குமேல் படலமாக நிற்கும். காய்ந்து பார்த்தால் கல்லின் பொரியும் நிழலில் ஒரு நீலமும் தானாக வந்திருக்கும். வெயில் பட்ட பக்கத்துக்குச் சியன்னா கூட, அகழித் தண்ணீர் பக்கம் நீலம் கூட. வறண்ட பாலாற்று மணலுக்கு ஆக்கரில் லைட் ரெட்டைப் பிரஷ் நுனியளவு தொட்டால் போதும், கூடினால் செங்கல் சூளை ஆகிவிடும்.

தண்ணீரையும் கவனிக்கணும். போர்த் தண்ணீரின் உப்பு நிறத்தைத் திரிதிரியாக்கும், காய்ந்ததும் அடர் நீலத்தில் வெள்ளைப் படலம் தெரியும். கேன் தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரல், மேயில் காலை எட்டரைக்குமேல் வெளியே வாஷ் போட்டால் காகிதத்தின் மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து கோடு விழும். 100 மில்லி தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விட்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நவம்பரில் அந்த வித்தையை மறந்துவிடணும், காகிதம் மணிக்கணக்கில் காயாது.

வரைந்து முடித்ததும் கலக்கும் தட்டை மட்டும் துடைத்து, பெட்டியை இரண்டு மணி நேரம் திறந்தே வைத்துவிட்டு மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் ஐந்தாறு நாளில் பானின்மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை வரும். வந்துவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பானின் மேற்பரப்பை மட்டும் துடைத்து எடுங்கள், கறுப்பு வார்னிஷில் படாமல். மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா பாக்கெட்டை மழைக்காலத்தில் உள்ளே போட்டு வைக்கலாம், பொங்கல் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கோடையிலும் அது உள்ளே இருந்தால் நீங்கள் மூன்று தடவையாக நிரப்பிய பான்களை அதுவே வெடிக்க வைக்கும்.